வலது பக்கத் தேயிலைக்குள் போன பந்துகள்

ஜனவரி மூன்றாம் வாரம், மூணாறில் காலை ஏழரை மணி. புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடந்தது. விடியுமுன் போடியில் கிளம்பி, போடிமெட்டு வளைவுகளில் ஏறி வந்திருந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர், கையை உரசிச் சூடாக்கிக்கொண்டு பையிலிருந்து டிரைவரை, அதாவது அதிக தூரம் அடிக்கும் மட்டையை, எடுத்தார். வயது 52. கோல்ஃப் ஆட ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. "தம்பி, எனக்கு இன்னும் முப்பது கெஜம் வேணும். உடம்புல பலம் இருக்கு, பந்துதான் போக மாட்டேங்குது" என்றார்.

இருபது பந்து அடிக்கச் சொன்னேன். பதினான்கு பந்துகள் வலது பக்கம் வளைந்து தேயிலைக்குள் இறங்கின. நான்கு உயர எழும்பி, பாதி வழியிலேயே சோர்ந்து விழுந்தன. இரண்டே இரண்டு நேராகப் போயின. அந்த இரண்டும் எப்படிப் போயின என்று அவருக்கும் தெரியவில்லை, அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து மே கடைசி வரை, ஏறக்குறைய வாரம் ஒரு நாள் அவரோடு செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் சம்மதம் வாங்கியாயிற்று, பெயர் மட்டும் வேண்டாம் என்றார். நான் இந்த மலையில் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். பள்ளி விடுமுறையில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பை சுமந்து இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன், இப்போது அதையே சொல்லிக் கொடுக்கிறேன். இதில் வரும் வலது, இடது எல்லாம் வலது கை ஆட்டக்காரருக்கானவை. இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அளந்தது

செல்போனை மெதுவாக ஓடும் வீடியோவில், நொடிக்கு 240 படம் வரும்படி வைத்து, அவருக்கு நேர் எதிரே ஒரு கோணமும், இலக்குக் கோட்டுக்குப் பின்னால் கை உயரத்தில் ஒரு கோணமும் எடுத்தேன். வேகம் அளக்க ஒரு சிறிய ரேடார் கருவியை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி வைத்திருந்தேன்.

மட்டைத் தலையின் வேகம் மணிக்கு 88 மைல். பந்து கிளம்பிய வேகம் 119 மைல். இந்த இரண்டு எண்ணில்தான் அவருடைய முப்பது கெஜம் ஒளிந்திருந்தது. பந்தின் வேகத்தை மட்டையின் வேகத்தால் வகுத்தால் 1.35 வருகிறது. டிரைவரில் மட்டையின் நடு முகத்தில் சுத்தமாகப் பட்டால் இந்த விகிதம் 1.5 வரை போகலாம். அதற்கு மேல் போகாதபடி மட்டையின் துள்ளலுக்கு விதியிலேயே வரம்பு இருக்கிறது. அமெரிக்க டூரில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சராசரியாக மணிக்கு 113 மைலுக்கு மேல் சுழற்றுகிறார்கள். அந்த வேகம் இவருக்கு வராது, வரவும் வேண்டாம். ஆனால் தான் உண்டாக்கும் 88 மைலைக்கூட அவர் முழுசாகப் பந்துக்குக் கொடுக்கவில்லை. வியாபாரியிடம் வியாபார பாஷையிலேயே சொன்னேன்: "அண்ணே, மூட்டை முழுசாத்தான் கிளம்புது. வழியில சாக்கு கிழிஞ்சு கொட்டுது." உடனே பிடித்துக்கொண்டார். கிழிசல் எங்கே என்பதுதான் அதன் பிறகு எங்கள் கேள்வி.

இன்னொன்றும் செய்தோம். சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து மட்டையின் முகத்தில் மெல்லத் தேய்த்து உலரவிட்டால், பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். பூச்சு இருக்கும்போது பந்து கொஞ்சம் வேறு மாதிரி சுழலும், அதனால் அந்தப் பந்துகளின் தூரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பத்துப் பந்தில் ஏழு வட்டங்கள் முகத்தின் உட்பக்கத்தில், அதாவது தண்டு வந்து சேரும் குதிகால் பக்கத்தில், நடுவுக்குக் கீழே விழுந்திருந்தன. இதை அன்றே குறித்து வைத்தேன். ஆனால் அதற்குரிய மதிப்பைக் கொடுக்கவில்லை.

நான் தவறவிட்ட மூன்று வாரம்

வீடியோவில் கண்ணுக்கு முதலில் பட்டது அவர் தோள். மட்டை மேலே போய்த் திரும்பும் கணத்தில் வலது தோள் முன்னால் பாய்ந்து, மட்டை வெளியிலிருந்து உள்ளே, பந்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வந்தது. வலது பக்கம் வளையும் இந்த ஸ்லைஸை அடிக்கிறவர்கள் பெரும்பாலோரிடம் இதைப் பார்க்கலாம். சரி, பாதைதான் நோய் என்று முடிவு கட்டி இடுப்பிலிருந்து ஆரம்பித்தேன். இடுப்பு முதலில் திரும்பணும், கை பின்னால் வரணும் என்று மூன்று வாரம் அதே பாடம்.

பந்து இன்னும் அதிகமாக வலது பக்கம் போனது. மூன்றாம் வாரம் தேயிலைக்குள் பதினாறு.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் பல காலம் சறுக்கிய இடம் இது. மட்டை எந்தப் பாதையில் வருகிறதோ அந்தப் பக்கம் பந்து கிளம்பும், மட்டை முகம் எங்கே பார்க்கிறதோ அங்கே போய் முடியும் என்றுதான் முன்பெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். 2000-க்குப் பிறகு ரேடார் கருவிகள் வந்து பந்தையும் மட்டையையும் சேர்த்து அளந்தபோது உண்மை ஏறக்குறைய தலைகீழாக இருந்தது. பந்து எந்தப் பக்கம் கிளம்பும் என்பதை முகம்தான் பெருமளவு தீர்மானிக்கிறது. டிரைவரில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் முகத்தின் கணக்கு. கிளம்பிய பந்து எந்தப் பக்கம் வளையும் என்பது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள பிணக்கு. பாதைக்கு வலது பக்கம் முகம் திறந்திருந்தால் பந்து வலது பக்கம் வளையும். பிணக்கு பெரிதானால் வளைவும் பெரிது.

அவர் பந்துகள் நேராகவோ கொஞ்சம் இடது பக்கமாகவோதான் கிளம்பின, பிறகு வலது பக்கம் வளைந்தன. அப்படியென்றால் முகம் இலக்கை ஒட்டித்தான் பார்க்கிறது, பாதை நன்றாக இடது பக்கம் போகிறது. அந்தப் பாதைக்கு முகம் திறந்திருக்கிறது. இது அவராக அறியாமல் செய்துகொண்ட ஏற்பாடு. ஆறு வருடமாக வலது பக்கம் ஓடும் பந்தைப் பார்த்துப் பார்த்து, காலையும் தோளையும் இடது பக்கம் திருப்பி நின்று பழகிவிட்டார். இடது பக்கம் திரும்பி நின்றால் மட்டையும் இடது பக்கம் அறுக்கும், வளைவு கூடும். வளைவு கூடினால் இன்னும் இடது பக்கம் திரும்பி நிற்பார்.

நான் முகத்தைத் தொடாமல் பாதையை மட்டும் நிமிர்த்தினேன். பாதை நேரானதும், அதைச் சார்ந்தே இருந்து பழகிய முகம் இலக்குக்கே திறந்து நின்றது. பந்து கிளம்பும்போதே வலது பக்கம் கிளம்பி, மேற்கொண்டு வலது பக்கமே வளைந்தது. அவர் முகம் வாடிப்போனது. "இதுக்கு முன்னாடியே தேவலையே தம்பி" என்றார். அவர் சொன்னது நியாயம்.

கையுறையில் ஓட்டை

முடிச்சை அவிழ்த்தவர் நான் இல்லை. நாற்பது வருடமாக இங்கே பை சுமக்கும் ஒரு மாமா. தேயிலைக்குள் பந்து தேடி ஓய்ந்து, மேட்டில் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "இடுப்பை விடுடா. அவர் கழட்டி வச்ச கிளவுஸை எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். இடது கைக் கையுறை. விரல்களின் அடியில் தோல் புதுசாக இருந்தது. உள்ளங்கையின் அடிமேட்டில், சுண்டுவிரல் பக்கம், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்ந்து ஓட்டை. மட்டை விரலில் உட்காரவில்லை. உள்ளங்கைக்குள் குறுக்காகக் கிடந்து, ஒவ்வொரு அடிக்கும் வழுக்கி உராய்ந்திருக்கிறது. பயிற்சியாளனாக நான் வீடியோவில் தேடியதை மாமா தோலில் படித்துவிட்டார்.

மாமா மாதிரி ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. மட்டையைச் சுழற்றும் ஸ்விங்கைப் பின்னாலிருந்து ஆயிரக்கணக்கில் பார்த்த கண்கள் அவர்களுடையவை. இந்தியன் ஓபன் போட்டியை 1991-இல் வென்ற அலி ஷேர், 2009-இல் வென்ற முனியப்பா இருவரும் பை சுமந்து ஆட்டத்துக்கு வந்தவர்கள். 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் வென்ற சவுராசியா, கொல்கத்தாவில் புல்தரை பராமரித்தவரின் மகன். பை தூக்குகிறவரிடம் கருத்துக் கேட்க வெட்கப்படும் பயிற்சியாளர்களுக்கு இழப்புத்தான்.

பிறகு பேசியதில் காரணமும் கிடைத்தது. வியாபாரி அண்ணன் கல்லூரி நாட்களில் கிரிக்கெட் ஆடியவர், நன்றாகக் கட் அடிப்பாராம். கிரிக்கெட் மட்டையைப் பிடித்த அதே உள்ளங்கைப் பிடி இங்கேயும் வந்துவிட்டது. கிரிக்கெட்டில் மட்டையின் முகத்தைத் திறந்து பாயிண்ட் பக்கம் தட்டிவிட அது உதவும். கோல்ஃபில் அதே பிடி, பந்தைச் சந்திக்கும் கணத்தில் முகத்தைத் திறந்தே வைத்துவிடும்.

அந்தக் கணத்தில் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மட்டை உச்சியிலிருந்து பந்துக்கு இறங்க ஏறக்குறைய கால் நொடி. பந்து முகத்தில் ஒட்டியிருப்பது அரை மில்லி நொடி, அதாவது ஒரு நொடியை இரண்டாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. மூளை சேதி அனுப்பிக் கை கேட்கும் நேரம் அதில் இல்லை. திருத்த வேண்டியதை எல்லாம் மட்டையை அசைக்கும் முன்பே திருத்தியாக வேண்டும்.

பிடியை இப்படி மாற்றினோம். இடது கை விரல்களை நீட்டி, மட்டையின் கைப்பிடி சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை சாய்வாகப் போகும்படி வைத்து, முதலில் விரல்களை மடக்க வேண்டும். உள்ளங்கையின் அடிமேடு கைப்பிடிக்கு மேலே வந்து மூட வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் இடது கையின் விரல் முட்டிகளில் குறைந்தது இரண்டு தெரிய வேண்டும். அவருக்கு ஒன்றுகூட முழுசாகத் தெரியவில்லை, இரண்டரை தெரியும்படி வைத்தோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் மடிப்பு வலது தோளைக் காட்ட வேண்டும், வலது கையிலும் அதே மாதிரி. அழுத்தம் கடைசி மூன்று விரலில். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி, நசுங்கவும் கூடாது, தப்பவும் கூடாது.

"கை என்னோடது இல்லாத மாதிரி இருக்கு தம்பி." முதல் நாள் எல்லாரும் சொல்வதுதான்.

முதல் பத்துப் பந்தில் ஆறு இடது பக்கம் தாழ்வாகப் பாய்ந்தன. அவர் பதறிப்போனார், எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆறு வருடமாக இடது பக்கம் போகாத பந்து இடது பக்கம் போகிறதென்றால் முகம் மூடக் கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். பாதை மட்டும் பழையபடி இடது பக்கம் இழுக்கிறது. இந்தக் கட்டத்தில்தான் பலர் பயந்து பழைய பிடிக்குப் போய்விடுகிறார்கள். போகக் கூடாது. பழைய பிடியும் பழைய பாதையும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றவை. ஒன்றை உருவினால் மற்றது ஆடத்தான் செய்யும்.

இரண்டு வாரம் அவருக்குப் பந்தே கிடையாது என்றேன். போடியில், குடோனில் மூட்டைகளுக்கு நடுவில் அயர்ன் எனப்படும் இரும்புத் தலை மட்டையில் பழையது ஒன்றை வைத்துக்கொண்டு, தினமும் ஐம்பது முறை பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துப் பழகினார். கணக்கு நோட்டில் தேதி போட்டு டிக் அடித்திருந்தார். ஒரு நாள்கூட விடவில்லை.

கல்லைத் தத்தவிடுவது

பிப்ரவரி கடைசியில்தான் மறுபடி பாதைக்கு வந்தோம். இந்த முறை அது எளிதாக வந்தது, காரணம் தெளிவு: பந்து வலது பக்கம் ஓடாதபோது இடது பக்கம் அறுக்க வேண்டிய அவசியம் உடம்புக்கு இல்லை.

தரையில் இரண்டு மூங்கில் குச்சி வைத்தோம். ஒன்று இலக்கை நோக்கி, மற்றொன்று அதற்கு இணையாகக் கால் விரல்களுக்கு முன்னால். முதல் தடவை அந்தக் குச்சிக்கு ஏற்ப நின்றபோது, "இது நேரா இல்ல, வலது பக்கம் நிக்கிறேன்" என்று சாதித்தார். பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உச்சியிலிருந்து மட்டை இறங்கும் உணர்வைச் சொற்களால் கொடுக்க முடியாது என்று பட்டது. அவரை நல்லதண்ணி ஆற்றோரம் கூட்டிக்கொண்டு போனேன். தட்டையான கல் ஒன்றை எடுத்து, தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகும்படி எறியச் சொன்னேன். சின்ன வயதில் கண்மாயில் எறிந்த பழக்கம் போகுமா? முதல் கல்லே நாலு தத்து. மறுபடி மெதுவாக எறியச் சொல்லி வீடியோ எடுத்தேன். இடது கால் முன்னால் ஊன்றுகிறது, எடை அதில் இறங்குகிறது, இடுப்பு திறக்கிறது, அப்புறம்தான் வலது முழங்கை விலாவை ஒட்டிக் கீழாக வருகிறது, மணிக்கட்டு கடைசியில் விடுகிறது. வலது தோள் முன்னால் பாயவே இல்லை. பாய்ந்தால் கல் தண்ணீரில் குத்தி மூழ்கிவிடும். "இதேதான் அண்ணே. நீங்க தெரிஞ்சு வச்சிருக்கிறதைத்தான் நான் மூணு வாரமாச் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

நல்ல ஸ்விங்கில் வேகம் கீழிருந்து மேலே ஏறுகிறது. இடுப்பு முதலில் வேகம் பிடித்துத் தளர, அந்த வேகம் மார்புக்கும், மார்பிலிருந்து கைக்கும், கையிலிருந்து மட்டைக்கும் போகிறது. அவர் பழைய ஸ்விங்கில் மேலுடம்பு முதலில் கிளம்பியதால் இந்தச் சங்கிலி தொடக்கத்திலேயே அறுந்திருந்தது. பலம் முழுக்கத் தோளில் செலவாகி, பந்தை அடையும்போது மட்டை வேகம் குறைந்துகொண்டிருந்தது. தூரம் வேண்டுமென்று இன்னும் முறுக்கி அடித்தால் தோள் இன்னும் சீக்கிரம் பாயும். "பலம் இருக்கு" என்று முதல் நாள் சொன்னாரே, அந்தப் பலத்தை அவர் செலவழித்த இடம்தான் தப்பு.

ஒரு சங்கடம் உடம்பில் இருந்தது. நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பு அவ்வளவாகத் திரும்பாது. நவீன முறைப்படி இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து நிறுத்தியபோது முதுகு பிடித்துக்கொண்டது. மட்டை மேலே போகும்போது இடது குதிகாலை எழும்பவிடச் சொன்னேன். கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் 18 பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லஸ் அப்படித்தான் ஆடினார். குதிகால் எழும்பினால் இடுப்புக்குத் திரும்ப இடம் கிடைக்கிறது, கீழே வரும்போது அந்தக் குதிகாலை ஊன்றுவதே எடை மாற்றும் சைகையாகவும் ஆகிறது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இருபது வயதுக்காரனின் ஸ்விங்கைக் கற்றுக்கொடுப்பது எனக்குப் பிடிக்காத காரியம்.

முகத்தின் நடுப்புள்ளி

மார்ச்சில் மறுபடி சாக்பீஸ். வட்டங்கள் குதிகால் பக்கத்திலிருந்து நடுவை நோக்கி நகர்ந்திருந்தன. இதை நான் தனியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. தோள் பாய்ந்தபோது மட்டை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, பந்து தண்டுப் பக்கம் பட்டுக்கொண்டிருந்தது. தோள் அடங்கியதும் பந்தும் நடுவுக்கு வந்தது.

இந்த ஒன்று தூரத்துக்கும் திசைக்கும் சேர்ந்தே பலன் தருகிறது. டிரைவரின் முகம் வெளிப்பக்கம் லேசாகப் புடைத்தது. குதிகால் பக்கம் பந்து பட்டால் மட்டைத் தலை ஒரு பக்கம் திரும்பும், பல் சக்கரங்கள் ஒன்றையொன்று திருப்புவது போலப் பந்து எதிர்ப்பக்கம் சுழலும். வலது கைக்காரருக்கு அந்தச் சுழல் வலது பக்க வளைவைக் கூட்டுகிறது. அதே அடியில் வேகமும் வீணாகிறது. நடுவுக்குக் கீழே பட்டாலோ பின்சுழல் கூடி, பந்து எழும்பி நின்று விழும். முதல் நாள் பாதி வழியில் சோர்ந்து விழுந்த நான்கு பந்துகளுக்கு அதுதான் காரணம்.

பந்தைத் தாங்கும் டீ என்ற சிறு முளையை அவர் மிகத் தாழ்வாகக் குத்தியிருந்தார். தாழ்வாக வைத்தால் வளைவு குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பந்தின் பாதியாவது மட்டையின் மேல் விளிம்புக்கு மேலே தெரியும்படி உயர்த்தினோம். பந்தை இடது குதிகாலின் உள்பக்கத்துக்கு நேராக வைத்து, வலது தோளை இடது தோளைவிடக் கொஞ்சம் தாழ்த்தி நிற்கச் சொன்னேன். அயர்னில் பந்தை மேலிருந்து கீழாகச் சந்திக்க வேண்டும், டிரைவரில் மட்டை தன் அடிப்புள்ளியைக் கடந்து மேலே ஏறத் தொடங்கும்போது சந்திப்பது நல்லது. வேகம் குறைந்தவர்களுக்கு இது முக்கியம். பந்து உயரமாகக் கிளம்பி, பின்சுழல் குறைந்தால்தான் அதே வேகத்தில் அதிக தூரம் பறக்கும்.

மட்டையை மாற்றுவதைக் கடைசி வரை தள்ளிப்போட்டேன். சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் கொண்டுவந்த, முகச் சாய்வு 9 டிகிரி உள்ள டிரைவர், விறைப்பான தண்டு. அவர் வேகத்துக்குச் சாய்வு போதாது, விறைப்பும் அதிகம். முதல் நாளே மாற்றியிருக்கலாம். ஆனால் மாற்றியிருந்தால் எது எதனால் சரியானது என்று தெரிந்திருக்காது. ஏப்ரல் நடுவில் 10.5 டிகிரி, சாதாரணத் தண்டு. அதில் கிடைத்த ஆதாயம் சில கெஜம்தான்.

நெடும்பாசேரியில் காணாமல் போன தூரம்

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. குரலே சரியில்லை. நண்பர்களோடு நெடும்பாசேரியில், கொச்சி விமான நிலையத்தை ஒட்டிய மைதானத்தில் ஆடப் போயிருக்கிறார். "தம்பி, எல்லாம் போச்சு. பத்துப் பன்னெண்டு கெஜம் குறையுது. வளைவும் திரும்ப வந்துடுச்சு. பிடியை மாத்திட்டேனோ?"

பிடியை மாற்றவில்லை. காற்று மாறியிருந்தது. மூணாறு கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்று அடர்த்தி குறைவு. பந்தைப் பிடித்து இழுக்கும் தடை குறைவதால் ஐந்து, ஆறு சதவீதம் கூடுதலாகப் பறக்கிறது. இருநூறு கெஜத்துக்கு அதுவே பத்துப் பன்னிரண்டு கெஜம். இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. சுழலும் பந்தைப் பக்கவாட்டில் தள்ளுவதும் காற்றுதான். அடர்த்தி குறைந்தால் அந்தத் தள்ளலும் குறையும். ஆக, மலைமேல் ஆடுகிறவரின் ஸ்லைஸை மலைக்காற்று கொஞ்சம் மூடி மறைக்கிறது. கீழே இறங்கினால் அது வெளிச்சத்துக்கு வந்துவிடும். அவரிடம் இன்னும் மிச்சம் இருந்த சிறு வளைவை நெடும்பாசேரி பெரிதாக்கிக் காட்டியது.

மலைமைதானங்களில் மட்டும் ஆடிப் பழகியவர்கள் கீழே போகும்போது வழக்கத்தைவிட ஒரு படி அதிக தூரம் போகும் மட்டையை எடுங்கள், ஸ்விங்கைத் தொடாதீர்கள். அன்று மாலை அவர் பந்து அடித்துப் பழகும் ரேஞ்சில் நின்று பிடியை மாற்ற ஆரம்பித்திருந்தால் மூன்று மாத உழைப்பு ஒரு மணி நேரத்தில் கரைந்திருக்கும். போன் செய்தாரே, அந்த நிதானத்துக்காக அவரை மதிக்கிறேன்.

மே மாதக் கணக்கு

மே கடைசி வாரம், மழை இறங்கும் முன் மறுபடி அதே மேட்டில் இருபது பந்து. மட்டைத் தலையின் வேகம் 90 மைல். ஜனவரியைவிட இரண்டே மைல் கூடுதல். பந்தின் வேகம் 129, விகிதம் 1.43. பந்து தரையைத் தொட்ட இடம் ஜனவரியில் சராசரியாக 178 கெஜம், இப்போது 204. இதில் நாலைந்து கெஜம் வெயிலின் தயவு. உறைபனிக் காலையில் காற்றும் அடர்த்தி, பந்தும் குளிர்ந்து துள்ளல் குறைந்திருக்கும். அதைக் கழித்தால் இருபது, இருபத்திரண்டு கெஜம் அவர் சம்பாதித்தது. கேட்ட முப்பது வரவில்லை.

திசைக் கணக்கை அவரே நோட்டில் எழுதியிருந்தார். ஏலக்காயைச் சல்லடையில் சலித்து எட்டு எம்எம், ஏழு எம்எம் என்று தரம் பிரிப்பது போலப் பந்துகளையும் பிரித்திருந்தார். புல்லைக் குட்டையாக வெட்டிய ஃபேர்வேயின் நடுவில் விழுந்தது எட்டு எம்எம். ஃபேர்வேக்குள் ஓரமாக விழுந்தது ஏழு. ஓரத்து நீளப் புல்லான ரஃபில் கிடந்தாலும் அடிக்க முடிந்தது அடுத்த தரம். தேயிலைக்குள் போனது கழிவு. மே மாதத்து இருபதில் எட்டு எம்எம் ஆறு, ஏழு எம்எம் ஏழு, அடுத்த தரம் நான்கு, கழிவு மூன்று. ஜனவரியின் பதினான்கு கழிவு மூன்றாக இறங்கியிருந்தது.

ஸ்கோர் கார்டில் இதற்குப் பெரிய மதிப்பு உண்டு. 2019-இலிருந்து பந்து தேட மூன்று நிமிடம்தான், முன்பு ஐந்து. தேயிலைப் புதருக்குள் மூன்று நிமிடத்தில் பந்து எடுக்க மாமாவாலேயே எல்லாத் தடவையும் முடிவதில்லை. தொலைந்தால் ஒரு அடி அபராதத்தோடு பழைய இடத்துக்கே திரும்பி வந்து அடிக்க வேண்டும். தேயிலையில் தொலைக்காத ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு அடி மிச்சம்.

புதுக் கையுறையை வாங்கிப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு மேல் ஆடியும் உள்ளங்கை அடிமேடு தேயவில்லை. விரல்களின் அடியில் மட்டும் கைப்பிடியின் கறுப்பு சாய்வாக ஒரு கோடு போட்டிருந்தது. மாமாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மிச்சம் இருப்பது இது. ஒன்பது குழியை இரண்டாம் முறை சுற்றும்போது, பதின்மூன்று, பதினான்காவது குழி வாக்கில் அவர் கை களைக்கிறது. களைத்த கை பிடியை இறுக்குகிறது. இறுகினால் மட்டை மெல்ல உள்ளங்கைக்குள் நழுவுகிறது. மே மாதத்தில் ஆடிய முழு ஆட்டங்களில் தேயிலைக்குள் போனவை பெரும்பாலும் அந்தக் கடைசி ஐந்தாறு குழிகளில்தான். இப்போது மழைக்காலம், மேலே அட்டையும் சேறுமாக இருக்கிறது, செப்டம்பர் வரை அவர் வருவது கடினம். அதனால் முன்கைக்கு ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறேன். ஒரு குச்சியில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் இரண்டு கிலோ ஏலக்காய்ப் பொட்டலம் தொங்கவிட்டு, குச்சியைச் சுருட்டிச் சுருட்டி அதை மேலே ஏற்றி, அதே மாதிரி மெதுவாக இறக்க வேண்டும். காலையில் மூன்று முறை, கடை அடைக்கும்முன் மூன்று முறை. நோட்டில் டிக் போட்டு வாரா வாரம் போட்டோ அனுப்புகிறார்.